ஒரு மடக்கு மிச்சம்

என் கடையில் விற்பனைக்கு இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பலகையில் ஒரு பேட்டரி வைத்திருக்கிறேன். புல் வெட்டும் மிஷினில் மாட்டுகிற பேட்டரி. அரைச் செங்கல் அளவு, கறுப்பு நிறம், மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சூட்டில் சுருண்டு பாதி உரிந்திருக்கும். அதன் பக்கத்தில் உள்ள பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்குகள் எரியும். முழுச் சார்ஜ் இருந்தால் நான்கும் எரியும், இறங்க இறங்க விளக்கும் குறையும். இந்தப் பேட்டரியில் எப்போது அமுக்கினாலும் இரண்டு எரியும். அப்படி இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதைக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. "சும்மாதானண்ணே கெடக்கு, குடுங்க. பழசுன்னாலும் பரவால்ல" என்பார்கள். தோட்டத்தில் களை ஏறிக் கிடக்கும்போது ஒரு பேட்டரிக்காக அலைவது என்ன பாடு என்று எனக்கும் தெரியும். ஆனாலும், "அது வேற ஆளோடது. வந்து வாங்கிக்கிருவாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இத்தனை வருடமும் இதே பதில்தான். எனக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று சிலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். கட்டட்டும்.

அந்த வேறு ஆளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நேரில் பேசும்போது 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்று வருகிறது. பேனா செய்கிற தப்புக்கு நான் பொறுப்பில்லை.

போடியில் இருக்கும் என் கடையிலிருந்து மலையேறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குள் மெயின் ரோட்டை விட்டு ஜீப்பு மட்டும் இறங்குகிற ஒரு சரிவில் அவர்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். அவளும் அவள் அப்பாவும் மட்டும்தான். அம்மா இறந்து நாளாகிவிட்டது. அண்ணன் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருந்தான். காய் எடுக்கிற காலத்தில் கீழேயிருந்து ஆட்கள் ஜீப்பில் போவார்கள், மற்ற நாட்களில் தோட்டத்து வேலை முழுக்க இவள் தலையில்தான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நான் கேட்டதில்லை. எனக்கும் ஆகவில்லை, அதைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிப்பதும் இல்லை.

அவள் முதல்முறை கடைக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். புல் வெட்டும் மிஷின், சருகு தள்ளும் ஊதி, நிழல் மரத்தின் கிளை கழிக்கிற சின்ன வாள் என்று மூன்று பேட்டரி மிஷின்கள் வைத்திருந்தாள். மூன்றுக்கும் ஒரே மாதிரி பேட்டரிதான். ஒரு சாக்குப்பை நிறைய பேட்டரிகளைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். ஒன்றிலும் உயிர் இல்லை. நான் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தேன். கருகல் வாசம் வருகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் சோதனை. வந்தது ஏலக்காய் வாசம்.

"என்னம்மா, பேட்டரில ஏலக்கா மணக்குது?"

"மழைல நனைஞ்சிருச்சுண்ணே. அதான் ஸ்டோர்ல வச்சேன்."

"எந்த ஸ்டோர்ல?"

"காய் ஸ்டோர்லதான். காயோட காயாத் தட்டுல பரப்பி வச்சேன். நல்லாத்தான் காஞ்சிச்சு."

ஏலக்காய் ஸ்டோர் என்றால் சாமான் போட்டு வைக்கிற அறை இல்லை. வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு குழாய் வழியாக உள்ளே ஓடும், அடுக்கடுக்காகத் தட்டுகளில் பச்சைக் காய் வெந்து காயும். உள்ளே போய்த் தட்டைப் புரட்டிவிட்டு வெளியே வருவதற்குள் சட்டை பிழியலாம். அந்தச் சூட்டில் இவள் பேட்டரியைக் காயப் போட்டிருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

அவள் கோபப்படவில்லை. "சிரிங்க. மழ மாசத்துல எங்க வீட்டுச் சட்ட, செருப்பு, தலகாணி, தீப்பெட்டி எல்லாம் அங்கதான் காயும். அப்பாவோட காது மிசினக்கூட ஒரு தடவ அங்க வச்சுத்தான் பொழைக்க வச்சேன். இதுக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?" என்றாள். நியாயம்தான். மேலே மழை பிடித்தால் வெயிலை வாரக்கணக்கில் பார்க்க முடியாது. அங்கே யாரும் இதைத்தான் செய்திருப்பார்கள். கீழே இருக்கிற எனக்கு இந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே கிடைக்காது.

ஒன்றே ஒன்று மட்டும் பிழைத்தது. வாசலை ஒட்டிக் கடைசித் தட்டில் கிடந்ததாம். சார்ஜரில் மாட்டியதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முதல் விளக்கு எரிந்தது. அதற்கு அவள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து, செத்துப்போன மற்றதெல்லாம் எனக்கே மறந்துவிட்டது.

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. டீக்கடைக்காரர் என்னைவிட மூத்தவர், என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். கிளாசில் ஊற்றும்போதே அவள் "மதி, மதி" என்று கையைக் காட்டினாள். மலையில் இருப்பவர்களுக்குப் போதும் என்பது மதிதான். ரசித்துத்தான் குடித்தாள். கடைசியில் ஒரு மடக்கை மட்டும் விட்டுவிட்டு கிளாசை வைத்தாள். டீக்கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டீ நல்லால்லயாம்மா?"

"நல்லாருக்குண்ணே. இது எங்கம்மா பழக்கம். எங்க போனாலும் கடைசி மடக்கக் குடிக்க மாட்டாங்க. மிச்சம் வச்சாத்தான் அந்த எடத்துக்குத் திரும்ப வருவோமாம்."

"முழுசாக் குடிச்சுட்டா?"

"அங்க நம்ம சோலி முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போனா மட்டும் எங்கம்மா வழிச்சுக் குடிப்பாங்க. அங்க யாருக்குத் திரும்ப வரணும்?"

டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து அவருக்கு அவள் மிச்ச டீக்காரம்மா. மலை பஸ்சிலிருந்து அவள் இறங்குவதை என்னைவிட முன்னால் பார்த்துவிட்டு, "மாப்ளே, மிச்ச டீ வருது" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுப்பார். நான் காது கேட்காதவன் போல ஒரு ஸ்குருவை முடுக்கிக்கொண்டிருப்பேன். ஏற்கனவே முடுக்கிய ஸ்குருவாக இருக்கும்.

புதுப் பேட்டரி கொடுத்தபோது இரண்டு விஷயம் சொன்னேன். வேலை செய்யும்போது கடைசி விளக்கு அணைகிற வரைக்கும் ஓட்டாதீர்கள். ரொம்ப நாள் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள், முழுசாக ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மா செஞ்சதத்தானண்ணே சொல்றீங்க. இதுக்குப் போயி ஒரு புக்கு அடிச்சு டப்பாக்குள்ள வச்சிருக்காங்க."

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு விளக்குக்கு வந்ததும் மிஷினை நிறுத்திவிடுவாளாம், இன்னும் ஒரு கை புல்தான் பாக்கி என்றாலும் சரி. வெட்டி முடிக்கிற நிலைமை வந்தாலும் வேலியோரம் ஒரு வரிசையை விட்டுவைப்பாளாம். நாளைக்கு அந்தப் பக்கம் போக ஒரு காரணம் வேண்டுமாம். இதெல்லாம் கேட்க அழகாகத்தான் இருக்கும். கதையிலும் இதையே செய்வாள், அதுதான் எனக்கு எரிச்சல். ஒருமுறை, களத்துக்குக் காட்டுமாடு வந்த கதையை ஆரம்பித்தாள். சாயங்காலம், பனி இறங்கிவிட்டது, அப்பா உள்ளே கட்டிலில், இவள் ஊதியை எடுத்துக்கொண்டு களத்துச் சருகைத் தள்ளலாம் என்று கதவைத் திறந்தால் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறது காட்டுமாடு. பெருமூச்சு இவள் முகத்தில் படுகிறது.

"அப்பறம்?"

"பஸ்சு வந்துருச்சுண்ணே. மிச்சத்த அடுத்த தடவ சொல்றேன்."

அடுத்த தடவை கேட்டால் வேறு கதை ஆரம்பிப்பாள். அந்தக் காட்டுமாடு வாசலில் நின்றபடியே இருந்தது. நான் மருந்தடிக்கிற மிஷினைப் பிரித்துப்போட்டுக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இது ஒரு தந்திரம் என்று சில நாள் தோன்றும். தந்திரமாக இருந்தால்தான் என்ன என்று சில நாள் தோன்றும்.

பெட்ரோல் மிஷினை விட்டுவிட்டு அவள் ஏன் பேட்டரிக்கு மாறினாள் என்பதை மேலே போனபோதுதான் தெரிந்துகொண்டேன். சார்ஜர் போடுகிற பிளக்கில் ஏதோ கோளாறு, வந்து பார்க்க முடியுமா என்று போன் செய்திருந்தாள். அந்த வேலைக்கு மேலேயே ஆள் கிடைப்பார்கள். நான் கடையை அடைத்துவிட்டு, தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போன ஜீப்பில் லோடோடு லோடாக உட்கார்ந்து போனேன். மெட்டு ஏறியதும் குளிர் எலும்பைத் தொட்டது. சால்வை கொண்டுபோகவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

போய் இறங்கியபோது அவள் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். மிஷின் வண்டு மாதிரி ஒரு சத்தம்தான் போட்டது. கொஞ்சம் வெட்டுவாள். விசையிலிருந்து விரலை எடுப்பாள். சத்தம் அடங்கும். வீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து நிற்பாள். மறுபடி விரலை வைப்பாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து டங்டங் என்று சத்தம் வந்தது. மிஷினைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கட்டிலில் அவள் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையும் காலும் விழுந்துபோயிருந்தன, நல்ல கையில் கரண்டி, பக்கத்தில் கவிழ்த்துவைத்த சில்வர் தம்ளர்.

"என்னப்பா? தண்ணியா?"

"ஒண்ணுமில்ல. சும்மா தட்டிப் பாத்தேன்."

"சும்மா எதுக்குத் தட்றீங்க?"

"கேக்குதான்னு பாத்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பெட்ரோல் மிசினுன்னா இந்தத் தம்ளர் சத்தம் கேக்காதுண்ணே. நிறுத்தி நிறுத்திப் பாக்கணும்னாலும் ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணக் கயித்த இழுத்துக்கிட்டே கெடக்கணும். இதுன்னா வெரல எடுத்தாப் போதும்." பேட்டரி மிஷினின் பெருமைகளை நானும் நாள்தோறும் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பவன். இந்தப் பெருமை எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லிக்கொடுக்காதது.

அவள் காப்பி போட உள்ளே போனதும் பெரியவர் என்னைக் கிட்டே வரச்சொன்னார். வாய் கொஞ்சம் குழறியது, கண் மட்டும் கூர்மையாக இருந்தது.

"கடை போடில எங்கன இருக்கு அப்பு?"

சொன்னேன்.

"நான் இருக்கிறவரைக்கும்தான் இவ இங்க. நான் போயிட்டா மகன் தோட்டத்த வித்துட்டு இவளக் கூட்டிக்கிட்டுக் கோயமுத்தூருக்குப் போயிருவான். சொல்லிட்டான். அவன் பேர்லதான் எழுதியிருக்கு, நான் பண்ணுன தப்பு." கரண்டியால் தம்ளரை மெதுவாகத் தட்டினார். "அதனால எப்படியாச்சும் இழுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

அன்றிலிருந்து அந்தப் பெரியவரின் ஆயுசு எனக்கும் கவலையாகிவிட்டது. கோயிலுக்குப் போனால் என் கடைக்கு வேண்டிக்கொள்வதை விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் ஒரு கிழவருக்கு வேண்டிக்கொண்டு வந்தேன். இதை டீக்கடைக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் இருக்கும்வரை அவள் வருவாள், ஒரு மடக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போவாள். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. பொய், தோன்றியது.

தோன்றியதை அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் சொல்லியும்விட்டேன். அவள் மிஷினில் பேட்டரி மாட்டுகிற இடத்தில் துரு ஏறியிருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னேன். அப்பாவுக்குப் பிறகு கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும் என்று என்ன இருக்கிறது, போடியில் இருக்கலாமே என்றேன்.

"போடில எனக்கு யாருண்ணே இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் டீயை எடுத்துக் குடித்தாள், மிச்சம் வைத்தாள், மிஷினைத் தோளில் மாட்டினாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அண்ணே என்று சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் கண்டக்டரிலிருந்து கலெக்டர் வரை எல்லோரும் அண்ணன்தான், அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது இல்லாமல் போனதற்கு மட்டும் உலகத்தில் உள்ள அர்த்தமெல்லாம் இருந்தது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் போய்விட்டார். மெட்டு ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் சேதியே தாமதமாகத்தான் வந்தது. ரோடு திறந்து நான் போகலாம் என்று கிளம்பிய நேரத்தில், அவளே வந்துவிட்டாள். பஸ்சில் இல்லை. அண்ணனின் காரில். கார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது, அவன் இறங்கவில்லை.

"வெரசா வரச் சொல்லியிருக்காப்ல" என்றபடியே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். நான் டீ சொன்னேன்.

"வித்தாச்சு. மிசின் எல்லாம் தோட்டத்தோடயே போச்சு. வாங்குனவங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"நீங்க வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பா போனதுக்கப்பறம் ஒருநாள் புல்லு வெட்டப் போனேன். கொஞ்சம் வெட்றேன், கை தானா நிறுத்துது. காதக் குடுக்குறேன். ஒண்ணுமில்ல. திரும்ப வெட்றேன், திரும்ப நிறுத்துது. பொழுது பூரா அப்படியே நின்னேன். ஒரு பாத்தி முடியல." கையைப் பார்த்துக்கொண்டாள். "அங்க இருக்க முடியலண்ணே."

அண்ணே திரும்பி வந்திருந்தது. ஆனாலும் கேட்டேன். இனி எப்போது கேட்பது? "அன்னைக்கி நான் சொன்னது…"

"மறக்கல. யோசிச்சுட்டேன். போடில இருந்தா எந்தத் தெருவுல நின்னாலும் மல தெரியும். எந்நேரமும் நிமுந்து பாத்துக்கிட்டே, காதக் குடுத்துக்கிட்டே இருப்பேன். உங்க வீட்ல உக்காந்துக்கிட்டு அப்படி இருந்தா உங்களுக்குத்தான் பாவம்." நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். பாதியில் நிறுத்தவில்லை. அவள் ஒரு பேச்சை முழுதாகச் சொல்லி முடித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

டீ வந்தது. கையில் வாங்கிக்கொண்டு, "அந்தக் காட்டுமாட்டுக் கதைல பாக்கி இருக்குல்ல?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாளாம். உள்ளே அப்பா எதற்கோ தம்ளரைத் தட்டியிருக்கிறார். காட்டுமாடு காதை விடைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றதாம். அவர் தட்டத் தட்ட அது நின்றது. "அப்பாவுக்குக் கை வலிச்சு நிறுத்துனாரு. அதுக்கப்பறம் கேக்குறதுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் போயிருச்சு. அவ்வளவுதாண்ணே கத."

கார் ஹார்ன் அடித்தது. எழுந்தவள், பையிலிருந்து அந்தப் பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்டோரில் பிழைத்த பேட்டரி.

"இத மட்டும் நான் குடுக்கல. அண்ணன் வீடு மாடி வீடு, ஒரு புல்லு கெடையாது. இங்கயே இருக்கட்டும். பாதியா வச்சுக்கங்க, வந்து வாங்கிக்கிறேன்."

"எப்ப?"

அவள் சிரித்தாள். ரோட்டைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள். திரும்பிக் கையைக் காட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். குறுக்கே ஒரு பஸ்சு வந்து நின்றுவிட்டது.

அவள் நம்பர் மலைக்கு அந்தப் பக்கத்து சிம். இப்போதும் சில நாள் அடித்துப் பார்ப்பேன். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் மலையாளத்தில் பொறுமையாகச் சொல்வாள். பிறகு பேட்டரியை எடுத்துப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பேன். ஒரு விளக்குக்கு இறங்கியிருந்தால் இரண்டாக ஏற்றுவேன். எந்த மிஷினிலும் அதை நான் மாட்டியதில்லை. மூக்கருகே வைத்தும் பார்ப்பேன். கருகல் வாசம் பார்க்கிறேன் என்று கடைக்கு வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முதலில் ஏலக்காய் நன்றாகவே மணந்தது. இப்போது இருக்கிறதா, இருப்பதாக நான் நினைத்துக்கொள்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குக் கார் போன பிறகு நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் கிளாசை எடுக்க வந்தார். கையில் எடுத்தவர் நின்றார்.

"இது யாரு குடிச்ச கிளாசு மாப்ளே?"

"அவங்கதான். இந்தப் பேட்டரிய பாதியா வச்சிருக்கச் சொன்னாங்க, வந்து வாங்கிக்கிறாங்களாம்."

அவர் கிளாசைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த பேட்டரியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மற்ற கிளாசுகளோடு சேர்க்காமல் அதைத் தனியாக இடது கையில் பிடித்துக்கொண்டு, படியில் இறங்கும்போது சொன்னார்:

"சார்ஜு இறங்காமப் பாத்துக்க."